ஊருக்குப் போகும் முன் ஒரு கோப்பு: கோடை விடுமுறைக்குச் சென்னை வீட்டைப் பூட்டுகிறவர்களுக்கு

போன வருடம் மே மாதம் ஊரில் கோயில் கொடை. பன்னிரண்டு நாள் வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு போயிருந்தோம். ஒன்பதாம் நாள் காலை எதிர்வீட்டு அக்கா போன் செய்து, "தம்பி, உங்க வீட்டுக் கதவு லேசா திறந்திருக்கே, வந்துட்டீங்களா?" என்று கேட்டார். நாங்கள் வரவில்லை. வேறு யாரோ வந்து போயிருந்தார்கள்.

பதினொரு சவரன், ஒரு லேப்டாப், வெள்ளிக் குத்துவிளக்கு, 18,000 ரூபாய் பணம். எடுக்க வந்தவனுக்குக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். அதற்குப் பிறகு ஸ்டேஷன், இன்சூரன்ஸ், கோர்ட் என்று நான் அலைந்தது பதினொரு மாதம். அதில் பாதிக்குக் காரணம், கேட்ட எந்தக் காகிதமும் என் கையில் இல்லாததுதான். சென்னைக்குப் புதிதாகக் குடிவந்து முதல் கோடையில் வீட்டைப் பூட்டப் போகிறவர்கள் இதைக் கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே படித்துவிடுங்கள். கிளம்புகிற அன்று படித்தால் ஆறாவது படி மட்டும்தான் உதவும்.

1. உங்கள் ஸ்டேஷன் எது?

சிரிக்காதீர்கள். நான் நான்கு வருடம் குடியிருந்த தெரு எந்த ஸ்டேஷன் எல்லையில் வருகிறது என்று எனக்குத் தெரியாது. அருகில் இருக்கும் ஸ்டேஷன்தான் நம்முடையது என்று நினைப்போம். பல இடங்களில் தெருவின் இந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷன், அந்தப் பக்கம் இன்னொன்று.

அதற்கு மேல் கமிஷனரேட் கணக்கு ஒன்று இருக்கிறது. நாம் மொத்தமாகச் சென்னை என்று சொல்லும் இடம் 2022 முதல் மூன்று காவல் ஆணையரகங்களாக இயங்குகிறது: சென்னை பெருநகரம், தாம்பரம், ஆவடி. பல்லாவரம், பெருங்களத்தூர் பக்கம் தாம்பரத்தில் வரும். அம்பத்தூர் பக்கம் ஆவடியில் வரும். மேலதிகாரிக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தால் இது தெரிந்திருக்க வேண்டும். வீட்டு உரிமையாளரிடமோ அபார்ட்மென்ட் செயலாளரிடமோ கேட்டு, நேரில் ஒருமுறை போய் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. சென்னை ஸ்டேஷன்களில் சட்டம் ஒழுங்கு, குற்றப்பிரிவு என்று தனித்தனி ஆய்வாளர்கள் இருப்பார்கள். முன்கூட்டித் தகவல் சொல்வது சட்டம் ஒழுங்கில். திருட்டு நடந்துவிட்டால் குற்றப்பிரிவில். மாற்றிப் போய் உட்கார்ந்து ஒரு காலைப்பொழுது எனக்கு வீணானது.

2. நகைப் பட்டியல்: ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை

இந்தப் படியைத் தாண்டிப் போகத்தான் எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது.

நகைகளை ஒரு வெள்ளைத் துணியில் பரப்பி, ஒவ்வொன்றாக மொபைலில் படம் எடுங்கள். முன்பக்கம், பின்பக்கம், கொக்கி, முத்திரை. பிறகு ஒரு தாளில் பெயர், எடை, வாங்கிய கடை, ஏறக்குறைய எந்த வருடம் என்று எழுதுங்கள். அண்மையில் வாங்கிய நகை என்றால் ஹால்மார்க் முத்திரையோடு ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த தனி அடையாளக் குறியீடு இருக்கும். 2023 ஏப்ரல் முதல் இந்தக் குறியீடு இல்லாமல் கடையில் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிதாக இருக்கும். கேமராவைப் பெரிதாக்கிப் படித்து எழுதிவையுங்கள். இந்த நகை என்னுடையதுதான் என்று காட்ட இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பில் இல்லையா? கடைக்குப் போய் அப்போது கொடுத்த மொபைல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். எனக்கு ஐந்தில் மூன்றுக்கு நகல் பில் கிடைத்தது, செலவில்லாமல். ஆனால் நான் கேட்டது திருட்டுப் போன பிறகு. மீதி இரண்டும் மனைவிக்கு அவர்கள் வீட்டில் போட்டவை. அவற்றுக்காகக் கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் போனேன். ஏட்டய்யா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, "இதுல மாங்கா டாலர் எங்கே தெரியுது?" என்று கேட்க, தாலி கட்டும் படத்தில் மாலைக்கு அடியில் பாதி எட்டிப்பார்த்த டாலரை விரலால் காட்டினேன். அந்தப் பக்கத்தைத்தான் பிறகு நகல் எடுத்துக் கொடுத்தோம்.

லேப்டாப், மொபைல், டிவி இவற்றின் வரிசை எண்களையும் எழுதுங்கள். மொபைல் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த மொபைலுக்கே உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ எண் அதில்தான் இருக்கும். எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு, கோப்பை உங்களோடு எடுத்துப் போங்கள். பட்டியலைப் பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டினால், வருகிறவனுக்கு அதுவே சரிபார்ப்புப் பட்டியல்.

3. லாக்கர்

லாக்கர் கேட்டால், "காலி இல்லை சார்" என்பார்கள். அல்லது, "மூணு லட்சம் டெபாசிட் போடுங்க, பார்க்கலாம்" என்பார்கள். 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிகளின்படி, மூன்று வருட வாடகைக்கும் தேவைப்பட்டால் லாக்கரை உடைத்துத் திறக்கும் செலவுக்கும் ஈடான டெபாசிட்டைத்தான் வங்கி கேட்கலாம். காலி இல்லை என்றால் காத்திருப்போர் பட்டியலில் சேர்த்து ஒரு எண் தர வேண்டும். "எண் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சின் தொனி மாறும்.

அதே விதிகளில் நமக்கு எதிரான கணக்கும் உண்டு. வங்கியில் தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றால் லாக்கரில் உள்ளது போனால் வங்கியின் பொறுப்பு வருட வாடகையின் நூறு மடங்கு வரைதான். 2,000 ரூபாய் வாடகை என்றால் அதிகபட்சம் 2 லட்சம். இன்றைய விலைக்குப் பத்து சவரன் வைத்திருப்பவருக்கு அது போதாது. இருந்தாலும் மரப் பீரோவைவிட நூறு மடங்கு தேவலை. மே மாதம் லாக்கர் தேடாதீர்கள். மார்ச்சிலேயே கேட்டுவையுங்கள்.

4. இன்சூரன்ஸ் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள்

வீட்டுக் கடனோடு சேர்த்துக் கொடுத்த பாலிசி என்னிடம் இருந்தது. "வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கு" என்று தைரியமாக இருந்தேன். திருட்டுக்குப் பிறகுதான் பிரித்துப் படித்தேன்: தீ, வெள்ளம், புயல், கலவரம். தனியாக நடக்கும் திருட்டு அதில் இல்லை.

இப்போது எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியிலும் இதே பொறிதான். தீ, வெள்ளம் போன்ற ஒன்று நடந்து, அதன் பின் ஏழு நாளுக்குள் திருட்டுப் போனால்தான் அடிப்படைக் காப்பில் வரும். பூட்டை உடைத்துத் திருடுவதற்கு 'பர்க்ளரி' காப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். நகைக்கு மதிப்பைச் சொல்லி இன்னொரு தனிக் காப்பு. முகவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பதிலை வாயால் வாங்காமல் மின்னஞ்சலில் வாங்குங்கள்:

வீடு புகுந்து திருடினால் உண்டா? நகை சேருமா, எவ்வளவு வரை? வீடு எத்தனை நாள் தொடர்ந்து பூட்டியிருந்தால் காப்பு போய்விடும்?

மூன்றாவது கேள்வி கோடை விடுமுறைக்காரர்களுக்கு முக்கியம். நீண்ட நாள் ஆளில்லாத வீட்டுக்குப் பணம் தர மாட்டோம் என்று பல பாலிசிகளில் சின்ன எழுத்தில் இருக்கும்.

பாலிசி சரியாக இருந்தும் பணம் தர மறுத்தால், முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னை அலுவலகம் அண்ணா சாலையில் தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

5. ஸ்டேஷனில் கொடுக்கும் மனு

ஊருக்குப் போகிறவர்கள் தகவல் சொல்லிவிட்டுப் போங்கள் என்று போலீசாரே ஒவ்வொரு விடுமுறைக்கும் சொல்கிறார்கள். செலவு ஒரு வெள்ளைத் தாள். கிளம்ப மூன்று நான்கு நாள் முன்பு போங்கள்.

மனுவில் இருக்க வேண்டியவை: கதவு எண், மாடி, அடையாளத்துக்கு அருகில் உள்ள கடை அல்லது கோயில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, உங்கள் எண், சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டாரின் எண், செடிக்குத் தண்ணீர் ஊற்ற யாராவது வருவார்களா, கீழே நிற்கும் வண்டிகளின் எண், கேமரா இருக்கிறதா. நகை, பணம் பற்றி ஒரு வரிகூட வேண்டாம்.

இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் சீலும் தேதியும் வாங்குங்கள். "அதெல்லாம் தேவையில்ல, நாங்க பாத்துக்குறோம்" என்று சொல்லலாம். பொறுமையாகச் சிரித்துக்கொண்டு நின்றால் போட்டுக் கொடுப்பார்கள். மனு கொடுத்தால் திருட்டே நடக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரவு ரோந்து வருகிறவர் ஒருமுறை மாடியைப் பார்ப்பார். பிறகு ஏதாவது நடந்தாலும், நீங்கள் எப்போது ஊரில் இல்லை என்பதற்கு ஸ்டேஷன் சீலோடு ஆதாரம் இருக்கும்.

6. பூட்டும் நாள்

நான் செய்த பெரிய முட்டாள்தனம் இங்கேதான். கேமரா வைத்திருந்தேன், மெமரி கார்டோடு 2,400 ரூபாய். கிளம்பும்போது, கரண்ட் எதற்கு வீணாக என்று மெயினை அணைத்துவிட்டேன். மோடமும் போனது, கேமராவும் போனது. ஏ.சி., கீசர், மோட்டார் இவற்றின் சுவிட்சுகளை மட்டும் தனித்தனியாக இறக்கிவிட்டு, மோடமும் கேமராவும் ஓடும் லைனை விட்டுவையுங்கள்.

அபார்ட்மென்ட் கேமராவை நம்பினோம். அதன் பெட்டியில் ஏழு நாள் பதிவுதான் நிற்கும், எட்டாம் நாள் அதன் மேலேயே எழுதிவிடும். எங்களுக்குத் தெரிந்தது ஒன்பதாம் நாள். என்றைக்கு நடந்தது என்பதே இன்றுவரை தெரியாது. போதாக்குறைக்கு அதன் கடிகாரம் நாற்பது நிமிடம் பின்னால் ஓடியது. உங்கள் கட்டடத்தில் எத்தனை நாள் நிற்கிறது, நேரம் சரியா என்று இன்றே பாருங்கள்.

பால், பேப்பர் இரண்டையும் நிறுத்துங்கள். நாங்கள் நிறுத்தினோம். ஆனால் கிரில்லில் செருகும் நோட்டீசுகளை யார் நிறுத்துவது? டியூஷன், பிளம்பர், புது ஓட்டல் என்று ஏழெட்டு அப்படியே தொங்கின. வீட்டில் ஆள் இல்லை என்று ஊருக்குச் சொல்ல அது போதும். தினமும் அவற்றை எடுத்துப் போட எதிர்வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். வெளியே தொங்கும் பெரிய பூட்டைவிடக் கதவுக்குள் பதித்த பூட்டு நல்லது. பீரோ சாவியைப் பீரோவின் தலையில் வைக்காதீர்கள். திருடனுக்கும் அம்மா உண்டு. அவர்களும் அங்கேதான் வைப்பார்கள்.

கேஸ் ரெகுலேட்டரை மூடுங்கள். நீங்கள் இல்லாத நாட்களில் மின்கணக்கு எடுக்க வருவார்களா என்று அட்டையைப் பாருங்கள். கணக்கு எடுத்த நாளிலிருந்து இருபது நாளில் கட்ட வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் வண்டிக்கு இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள், இலவசம்தான். ரயில் நிலையத்து செல்ஃபியைத் திரும்பி வந்து போடுங்கள்.

7. பிள்ளை வீட்டில் தங்குகிறதா?

பிளஸ் ஒன் முடித்த பையன், "நான் பாட்டியோட இங்கேயே இருக்கேன்" என்பான். ஸ்கூட்டர் சாவியை ஊருக்கு எடுத்துப் போய்விடுங்கள். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 199-ஏ பிரிவுப்படி, பதினெட்டு வயது ஆகாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோதான் குற்றவாளி: மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், ஒரு வருடத்துக்கு வண்டிப் பதிவு ரத்து. பையனுக்கு இருபத்தைந்து வயதுவரை லைசென்ஸ் கிடையாது. 'எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான்' என்பதை நிரூபிக்க வேண்டியது நீங்கள். சாவி ஆணியில் தொங்கினால் எப்படி நிரூபிப்பீர்கள்?

பதினாறு வயதில் லைசென்ஸ் எடுக்கலாமே என்பார்கள். அது 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு. உங்கள் வீட்டு ஸ்கூட்டர் 110 இருக்கும். யாரையாவது இடித்துவிட்டால் அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கொடுக்கக்கூடும், ஆனால் அந்தப் பணத்தை உங்களிடம் வசூலிப்பார்கள்.

மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் இறங்கிக் குளிப்பதும் அப்படித்தான். கரையிலிருந்து சில அடியிலேயே ஆழம் இறங்கும், அலை காலை வாரும். நீச்சல் தெரிந்தவன் என்பது அங்கே செல்லாது. குளம் வேண்டுமென்றால் மாநகராட்சியின் மெரினா நீச்சல் குளம் இருக்கிறது.

8. திருட்டு நடந்துவிட்டால், முதல் நாள்

100 அல்லது 112. அதற்கு முன் யாரும் உள்ளே போகக் கூடாது. எங்கள் விஷயத்தில், நாங்கள் ஊரிலிருந்து வருவதற்குள் அம்பத்தூரிலிருந்து சித்தப்பா வந்துவிட்டார். நல்ல மனிதர். கால் வைக்க இடமில்லையே என்று பீரோவிலிருந்து இறைந்து கிடந்த துணிகளையெல்லாம் அழகாக மடித்து அடுக்கிவிட்டார். கைரேகை எடுக்க வந்தவர் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "யார் சார் மடிச்சது?"

கேமரா பதிவை அன்றே தனியாக எடுத்துவைக்கச் சொல்லுங்கள். செக்புக், கார்டு போயிருந்தால் வங்கிக்குச் சொல்லி முடக்குங்கள். பாஸ்போர்ட் போயிருந்தால் புகாரில் அதன் எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள். மாற்றுப் பாஸ்போர்ட்டுக்குப் பெரியவர்களுக்கு 36 பக்கத்துக்கு 3,000 ரூபாய்.

பட்டியல் எழுதும்போது அவசரப்படாதீர்கள். "இது முதற்கட்டப் பட்டியல், சரிபார்த்து மீதியைத் தருகிறேன்" என்று ஒரு வரி சேருங்கள். நான் சேர்க்கவில்லை. மூன்றாம் நாள் குத்துவிளக்கு நினைவுக்கு வந்தபோது, அதைச் சேர்க்க என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அப்புறம், சவரன் கணக்கைக் குறைத்து எழுதச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிறகு கிடைக்கும் நகை அந்தத் தாளில் இல்லை என்றால் அது உங்களுடையது அல்ல.

9. சி.எஸ்.ஆர். வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு

மனு கொடுத்ததும் ஒரு ரசீது தருவார்கள். அதுதான் சி.எஸ்.ஆர். வழக்கு பதிவாகிவிட்டது என்று நினைத்து நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். அது மனு வந்தது என்பதற்கான சான்று மட்டும். இன்சூரன்ஸ், பாஸ்போர்ட், கோர்ட் எல்லாவற்றுக்கும் வழக்குப் பதிவான முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர். வேண்டும். ஆன்லைனில் எடுக்கும் 'தொலைந்த ஆவண அறிக்கை'யும் இதற்கு உதவாது; அது தொலைந்ததற்கு, திருட்டுக்கு அல்ல.

பூட்டை உடைத்துத் திருடுவது பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவுப்படி இப்படிப்பட்ட தகவலைப் பதிவு செய்து, எஃப்.ஐ.ஆர். நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் அதே பிரிவின்படி மேலதிகாரிக்குத் தபாலில் புகாரை அனுப்பலாம். நகரத்தில் அவர் துணை ஆணையர். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்.

எனக்கு மூன்று நாள், "இன்ஸ்பெக்டர் வெளியே போயிருக்கார்." நான்காம் நாள் துணை ஆணையருக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன், சி.எஸ்.ஆர். நகலோடு. ஆறாம் நாள் எஃப்.ஐ.ஆர். ஆனது. சண்டை போடவில்லை, யாரையும் பிடிக்கவில்லை. தபால் ரசீதின் நகலை ஸ்டேஷனிலும் காட்டினேன், அவ்வளவுதான்.

எண் கிடைத்ததும் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் நிலவரம் பார்க்கலாம். தொண்ணூறு நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று புகார்தாரருக்குச் சொல்ல வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. சொல்லாவிட்டால் எழுதிக் கேளுங்கள். ஆள் அகப்படவே இல்லை என்றால், 'கண்டுபிடிக்க இயலவில்லை' என்ற இறுதி அறிக்கையை இன்சூரன்ஸ்காரர்கள் கேட்பார்கள். அது மாதக்கணக்கில் இழுக்கும்.

10. நகை கிடைத்தால்

ஐந்தாம் மாதம் வேறொரு வழக்கில் பிடிபட்டவர்களிடமிருந்து எங்கள் நகையில் நான்கு சவரன் கிடைத்தது. அடகுக் கடையில் இருந்ததால் உருக்காமல் தப்பித்தது. "வந்து அடையாளம் காட்டுங்க" என்று போன் வந்தபோது கையோடு வாங்கி வந்துவிடலாம் என்று பையோடு போனேன். அப்படிக் கிடையாது. மீட்ட பொருள் படிவம் 95-இல் பட்டியலாகிக் கோர்ட்டுக்குப் போகும். வழக்கு முடியும் முன்பே இடைக்காலமாகத் திருப்பித் தரும்படி அங்கே மனுப் போட வேண்டும்.

அதற்கு வேண்டியவை: எஃப்.ஐ.ஆர். நகல், ஆதார், பில் அல்லது உங்களுடையது என்று காட்டும் படம், பிணையப் பத்திரம். எனக்கு வக்கீல் கட்டணம் 6,000, பத்திரம், நகல், ஆட்டோ எல்லாம் சேர்த்து இன்னொரு ஆயிரத்துச் சொச்சம். மனுப் போட்டதிலிருந்து கைக்கு வர ஐந்து வாரம். மூன்று முறை கோர்ட்டுக்குப் போனேன். ஒருமுறை அன்று வேலையே நடக்கவில்லை. நகையை எல்லாப் பக்கமும் படம் எடுத்து, அந்தப் படங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள்.

பிணையப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை இருக்கும், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்: வழக்கு முடியும்வரை நகையை விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது, அழித்து மாற்றக் கூடாது, கேட்கும்போது கொண்டுவந்து காட்ட வேண்டும். மாங்காய் டாலர் கோத்த சங்கிலி எங்களிடம் வந்தபோதே கொக்கி உடைந்திருந்தது. அதைப் பற்றவைத்தால் மாற்றியதாகக் கணக்கா என்று வக்கீலிடம் கேட்டிருக்கிறேன். அதுவரை அது லாக்கரில் இருக்கிறது. காத்திருப்போர் பட்டியலில் ஏழு மாதம் கழித்துக் கிடைத்த லாக்கர்.